பொய் சொல்லாத சாட்சி

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சங்கதி தெரியும். நடந்த ஒன்றை மூன்று தடவை சொன்னால், மூன்றாவது தடவை அது கொஞ்சம் அழகாகிவிடும். கதைக்கு அதனால் நஷ்டமில்லை. சொல்லுகிற இடம் சாட்சிக் கூண்டாக இருந்தாலோ, எதிரே நிற்பவனின் கழுத்தல்லவா போகிறது!

கோர்ட்டுகள் வெகு காலமாகப் பொய் சாட்சிக்குத்தான் பயந்து வந்தன. சத்தியம் வாங்குவதும் குறுக்கு விசாரணை செய்வதும் அவனைப் பிடிக்கத்தான். மனமறிந்து பொய் சொல்லாதவனும் தப்பாகச் சொல்லக்கூடும் என்று காட்ட மனோதத்துவ நிபுணர்கள் வர வேண்டியிருந்தது.

1901-ல் பெர்லினில் சட்டப் பேராசிரியர் லிஸ்ட் தம் வகுப்பில் ஒரு நாடகம் நடத்தினார். இரண்டு மாணவர்களுக்குள் வாக்குவாதம் முற்றி, ஒருவன் ரிவால்வரை உருவினான். மற்றவர்களுக்கு அது முன்னேற்பாடு என்று தெரியாது. கண்டதை எழுதச் சொன்னபோது, மிகச் சரியாக எழுதியவரிடமே 100-க்கு 26 பங்கு பிழை! மிக மோசமானவரிடம் 80. வாயே திறக்காமல் நின்றவர்கள் பேசியதாகவும் சிலர் எழுதியிருந்தார்கள்.

ஹார்வர்டு பேராசிரியர் மூன்ஸ்டர்பெர்க் 1908-ல் ஒரு புத்தகம் எழுதி, இதையெல்லாம் வக்கீல்கள் திரும்பியும் பார்ப்பதில்லை என்று சாடினார். சாட்சியச் சட்டத்தில் மேதையான விக்மோர் சும்மா இருப்பாரா? மறு வருஷமே, பேராசிரியர்மேல் வக்கீல்கள் மான நஷ்ட வழக்குப் போட்டதாக ஒரு கற்பனை விசாரணை எழுதி, ஒரு டாலர் நஷ்ட ஈடும் விதித்துவிட்டார்! ஆனாலும் அந்தக் கேலிக்குள் நியாயமான கேள்வி ஒன்று இருந்தது: கோர்ட்டுக்கு உதவும்படியான நிரூபணம் எங்கே?

அது சேர வெகு காலம் ஆயிற்று. 1974-ல் லாப்டஸ், பால்மர் என்ற இருவர் கார் விபத்துப் படம் ஒன்றைச் சிலருக்குக் காட்டினார்கள். கார்கள் 'இடித்தபோது' என்ன வேகம் என்று சிலரையும், 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்று சிலரையும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று விசாரித்தார்கள். 'இடித்த' கோஷ்டியில் 50 பேரில் 7 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். 'நொறுங்கிய' கோஷ்டியில் 16 பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை!

1989 முதல் அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் நூற்றுக்கணக்கான கைதிகள் நிரபராதிகள் என்று தெரியவந்தது. அவர்களில் பெரும்பாலோர் கண்ணால் கண்ட சாட்சியின் பேரில் உள்ளே போனவர்கள். 2011-ல் நியூஜெர்ஸி சுப்ரீம் கோர்ட்டு, ஞாபகத்தின் குறைகளை ஜூரிகளுக்கு நீதிபதி விளக்க வேண்டும் என்றது.

மனோதத்துவ நிபுணர் நீதிபதியின் ஆசனத்தைக் கேட்கவில்லை. ஞாபகம் என்பது போட்டோ அல்ல என்று எச்சரிப்பதே அவர் வேலை. விக்மோரின் கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்குப் பதில் வந்து சேர்வதற்குள் கழிந்த வருஷங்களை ஜெயில் சுவரில் எண்ணியவர்களும் இருந்தார்கள்.