கார் பீடிங்கும் முதல் ஹெய்ஸ்மன் வீரரும்

வல்லம் வடகால் சிப்காட்டில் உதிரிபாகத் தொழிலில் இருப்பவர்களுக்கு பீடிங் என்றால் உடனே புரியும். கார்க் கதவைச் சுற்றி, மழைத் தண்ணீரும் ஒரகடம் சாலைப் புழுதியும் உள்ளே வராமல் தடுக்கும் கருப்பு ரப்பர் பட்டை. அதன் பூர்வீகத்தைத் தேடிப் பழைய ஆவணங்களைப் புரட்டியபோது கிடைத்தவர், அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜே பெர்வாங்கர்.

1914-ல் அயோவாவின் டுபூக்கில் பிறந்தவர். சிகாகோ பல்கலைக்கழக அணியின் ஹாஃப்பேக். இன்றைய பேச்சில் ரன்னிங் பேக், பந்தை அணைத்தபடி எதிரணியை ஊடுருவி ஓடுகிறவர். அக்காலப் படங்களில் ஹெல்மெட்டோடு முகக்காப்பும் தெரிகிறது. மூக்கு உடைந்ததால் வந்தது அது. 1934-ல் மிச்சிகன் அணிக்காக அவரை மறித்த ஜெரால்ட் ஃபோர்டுக்கு இடது கண்ணுக்குக் கீழே தழும்பு விழுந்தது. பின்னாளில் அமெரிக்க அதிபரான அதே ஃபோர்டு!

சிறந்த கல்லூரிக் கால்பந்து வீரருக்கான, பிறகு ஹெய்ஸ்மன் கோப்பை எனப் பெயர் பெற்ற விருதை 1935-ல் முதன்முதலாக வாங்கியவர் பெர்வாங்கர். 1936-ல் தேசியக் கால்பந்து லீக்கின் முதல் டிராஃப்ட்டில், அதாவது அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில், முதல் பெயரும் அவருடையது. ஆனால் லீக்கின் ஆட்டப் பதிவுகளில் அவரைத் தேடினால் ஒரு ஆட்டம்கூட இல்லை.

ஏன்? பிலடெல்பியா அணி அவரைத் தேர்ந்தெடுத்தது, பிறகு அந்த உரிமை சிகாகோ பேர்ஸ் அணிக்குக் கைமாறியது. அவர் இரண்டு ஆண்டுக்கு 25,000 டாலர் கேட்டதாகவும், பேர்ஸின் உரிமையாளர் ஜார்ஜ் ஹாலஸ் மறுத்ததாகவும் சொல்கிறார்கள். பொருளாதார மந்தக் காலம். தொழில்முறை ஆட்டத்தில் பெரிய காசு கிடையாது. பெர்லின் ஒலிம்பிக்ஸின் டெகத்லான் கனவும் இருந்தது, அதற்கு அமெச்சூராக நீடிக்க வேண்டும். ஆகவே ஃபோம் ரப்பர் விற்கப் போனார். போரின்போது கடற்படையில் இருந்தார். அதன்பின் தன் பெயரிலேயே கம்பெனி தொடங்கி, கார்க் கதவுக்கும் டிக்கிக்கும் விவசாய இயந்திரங்களுக்கும் ஸ்பாஞ்ச் ரப்பர், பிளாஸ்டிக் பட்டைகள் செய்தார்.

விளையாட்டு வரலாறுகள் இதை ஒரு வரியில் முடித்து, ‘லீக்கில் ஆடாதவர்’ என்ற அடையாளத்தையே பெரிதாக்குகின்றன. எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. அவருடைய ஆட்டம் சில ஆண்டுகள். தொழில் பல பத்தாண்டுகள். அவருடைய பல்கலைக்கழகமே 1939-ல் உயர்மட்டக் கால்பந்தைக் கைவிட்டது. அவர் ஓடிய ஸ்டாக் மைதானத்தின் பார்வையாளர் மேடைக்கு அடியில்தான் 1942 டிசம்பர் 2 அன்று முதல் அணு உலை இயங்கியது. விருதுச் சிலையோ, அவருடைய அத்தை வீட்டில் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. இப்போது பல்கலைக்கழகத்தில் காட்சிக்கு இருக்கிறது.

1992-ல் கம்பெனியை விற்றபோது அதன் ஆண்டு விற்பனை ஏறக்குறைய 3 கோடி டாலர். 2002-ல், 88 வயதில் காலமானார்.