அத்தாரின் தராசும் சர்க்கரை மரமும்

பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரோ 1040களின் இறுதியில் காஹிராவில் தங்கியிருந்தார். ஃபாத்திமிய கலீஃபா அல்முஸ்தன்ஸிரின் பெருநாள் விருந்துக்கான ஏற்பாடுகளைக் காண அரண்மனைக்குள் செல்லும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டியது. அங்கே அவர் கண்டவற்றுள் ஒன்று ஒரு நாரத்தை மரம். அதன் கிளை, இலை, கனி யாவும் சர்க்கரையால் ஆனவை. அவ்விருந்துக்கென 50,000 மன் சர்க்கரை ஒதுக்கப்பட்டிருப்பதாக அவரிடம் கூறினர். மன் என்பது ஊருக்கு ஊர் மாறிய எடை. அரண்மனைக்காரர் சொல்லும் கணக்கில் பெருமிதமும் கலந்திருக்கும். எனவே எண்ணை அப்படியே நாம் ஏற்க வேண்டியதில்லை. மரத்தை அவர் தம் கண்ணால் கண்டார் என்பதே நமக்குப் போதுமானது.

அதே நகரில் சர்க்கரைக்கு மற்றொரு முகமும் இருந்தது. கூஹீன் அல்அத்தார் என்னும் யூத மருந்தாளர் 1260இல் காஹிராவில் 'மின்ஹாஜுத் துக்கான்' என்ற மருந்துக்கடைக் கையேட்டை எழுதினார். ஷராப் எனப்பட்ட மருந்துப் பாகுகளுக்கு அதில் பெரிய இடம் உண்டு. நம் கடைத்தெருவில் 'சர்பத்' என வழங்கும் சொல்லும் அந்த வேரிலிருந்து வந்ததே. அத்தாரின் கடையில் சர்க்கரை தராசில் ஏறாமல் எவர் கைக்கும் போகவில்லை. அதற்கு முன்பே அபூபக்ர் அர்ராஸீ, உணவுகளின் பயன்களையும் அவற்றின் கேடுகளை அகற்றும் வழிகளையும் பற்றித் தனி நூல் செய்திருந்தார். இனிப்பின் வெம்மையைப் புளிப்பால் தணிக்கலாம் என்பது அக்கால மருத்துவரின் கருத்து. காடியும் இனிப்பும் சேர்ந்த ஸிகன்ஜபீன் பற்றி இப்னு ஸீனா தனிச் சிறுநூலே எழுதினார். வெம்மை, ஈரம் என்ற அக்குணக் கோட்பாடு இன்று நிலைக்கவில்லை. ஆனால் இனிப்பை அறவே விலக்காமல், எவருக்கு, எதனோடு, எவ்வளவு என்று கேட்ட அவர்களது முறை இன்னும் கவனத்துக்குரியது.

கரும்பு பின்னர் மேற்கே நகர்ந்தது. ஸிஸிலி, அந்தலுஸ் ஆகியவற்றைக் கடந்து, 15ஆம் நூற்றாண்டில் மதீராவையும், அடுத்து பிரேஸிலையும் கரீபியத் தீவுகளையும் அடைந்தது. அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரை மலிவாயிற்று. மருந்தாளரிடமிருந்து அது மளிகைக் கடைக்குப் போய்விட்டது. அந்தச் சர்க்கரைக்கு மிகுதியாகப் பழகிய நாடுகளுள் ஒன்றான பிரிட்டனில்தான், 20ஆம் நூற்றாண்டில், இனிப்பைக் குறைப்பது ஒரு தேசம் முழுவதற்குமான சோதனையாக நடந்தது.

போரின் காரணமாக 1940 ஜனவரியில் அங்கே சர்க்கரைக்குப் பங்கீடு வந்தது. பெரும்பாலான காலம் ஒருவருக்கு வாரம் 8 அவுன்ஸ், அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 32 கிராம். 1942 ஜூலையில் மிட்டாய்களும் அட்டைக்குள் வந்தன. 1949 ஏப்ரலில் மிட்டாய்க் கட்டுப்பாடு நீக்கப்பட்டபோது நடந்தது நம் சிந்தனைக்குரியது. கடைகள் காலியாயின. தேவைக்கு ஈடுகொடுக்க இயலாமல் ஆகஸ்டில் அரசு மீண்டும் அட்டைக்கே திரும்பியது. ஏழாண்டுப் பழக்கம் ஆசையைச் சற்றும் தேய்த்திருக்கவில்லை. 1953இல் பிப்ரவரியில் மிட்டாயும் செப்டம்பரில் சர்க்கரையும் இறுதியாக விடுவிக்கப்பட்டன. தலைக்கு நாளொன்றுக்கு 40 கிராம் அளவில் இருந்த நுகர்வு விரைவிலேயே ஏறக்குறைய இருமடங்காயிற்று.

எனினும் அந்த ஆண்டுகள் வீண் போகவில்லை. 2024இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வு, கருவிலும் குழந்தைப் பருவத்திலும் பங்கீட்டுக்கு உட்பட்டவர்களைப் பின்னர் பிறந்தவர்களோடு ஒப்பிட்டது. முன்னவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவின் அபாயம் சுமார் 35 விழுக்காடும், உயர் இரத்த அழுத்தத்தின் அபாயம் சுமார் 20 விழுக்காடும் குறைவாக இருந்தன. அந்தத் தாய்மார் ஆசையை வென்றவர்கள் அல்லர் என்பதற்கு 1949இன் காலிக் கடைகளே சான்று. அவர்களுக்குக் கிடைத்த சர்க்கரை குறைவாக இருந்தது, அவ்வளவே.

அமெரிக்காவில் 2016இல் வெளிவந்த சிறிய ஆய்வொன்றும் இதனை ஒட்டியே பேசுகிறது. தம் உணவில் சர்க்கரையின் பங்கை 40 விழுக்காடு குறைத்துக்கொண்டவர்களுக்கு, மூன்றாம் மாதத்தில் அதே பாயசப் பக்குவம் முன்னினும் இனிப்பாகத் தோன்றியது. நாக்கு கூர்மையடைந்தது. ஆனால் இனிப்பின்மீது கொண்ட விருப்பம் மாறவில்லை. கட்டுப்பாடு நீங்கியதும் பழைய அளவுக்கே அவர்கள் திரும்பினர். மனவுறுதியை மட்டும் நம்பி ரமளானுக்கு ரமளான் இனிப்பைக் குறைக்க முயன்று தோற்கும் நம்மவர்கள் இதில் வெட்கப்பட ஏதுமில்லை என்றே நாம் கருதுகிறோம். நமக்கு இல்லாமற் போனது அத்தாரின் தராசு. நோன்பு துறக்கும் விரிப்பில் இன்று சாதாரணமாக வைக்கப்படும் 300 மில்லி கோலாப் புட்டி ஒன்றில் 30 கிராம் அளவுக்குச் சர்க்கரை உண்டு. போர்க்கால பிரிட்டனில் ஒருவருடைய ஒரு நாள் பங்கு அது.