தாளைத் தேடாதீர்கள், ஆளைத் தேடுங்கள்!

உங்களுக்கு ஒரு வேலை. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சீனாவில் சாதாரண ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று ஆராய வேண்டும். எந்த நூலகத்துக்குப் போவீர்கள்? பெய்ஜிங்தானே? தப்பில்லை. ஆனால், நீங்கள் தேடுகிற சுருளில் பாதி அங்கே இருக்கும், மீதி லண்டனிலோ பாரிஸிலோ இருக்கலாம்!

காரணம், ஒரு குகை.

வடமேற்குச் சீனாவில், பாலைவனத்து ஓரமாக இருக்கிற ஊர் துன்ஹுவாங். பக்கத்திலேயே நூற்றுக்கணக்கான புத்தர் குகைகள். 1900-ல் அங்கே தங்கியிருந்த வாங் யுவான்லு என்ற தாவோ துறவியின் கண்ணில் பட்டது, சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒரு சின்ன அறை. ஒன்பதடிக்கு ஒன்பதடிதான். உள்ளே ஆள் உயரத்துக்கும் மேல் காகிதச் சுருள்கள்! 11-ம் நூற்றாண்டு வாக்கில் மூடியதோடு சரி, யாரும் தொடவில்லை. புத்தமத நூல்கள் மட்டுமா? கடன் பத்திரம், வரவு செலவுக் கணக்கு... விருந்தில் குடித்துவிட்டுக் கலாட்டா செய்தவர் மறுநாள் அனுப்ப வேண்டிய மன்னிப்புக் கடிதத்துக்கு மாதிரிகூட இருந்தது!

1907-ல் வந்து சேர்ந்தார் ஆரல் ஸ்டைன். ஹங்கேரியில் பிறந்து பிரிட்டிஷ் பிரஜையானவர். அவருக்குச் சீன மொழி தெரியாது. ஆனால் ஆளை எடைபோடத் தெரியும். வாங், நம் பள்ளிப் பாடத்தில் வருகிற அதே யுவான் சுவாங்கின் தீவிர பக்தர். 'நானும் அவர் வழியில் வந்தவன்தான்' என்கிற மாதிரிப் பேசினார் ஸ்டைன். துறவி உருகிவிட்டார். கைமாறிய பணம் 130 பவுன். வெளியேறியவை 24 பெட்டிச் சுருள்கள், 5 பெட்டி ஓவியங்கள் முதலியன. 868-ம் வருடத் தேதியோடு அச்சான வஜ்ர சூத்திரமும் அதில் அடக்கம். திருட்டு இல்லை என்று வாதாடலாம். எனக்கென்னவோ ஏமாற்று என்றே படுகிறது.

அடுத்த வருடம் பிரான்ஸிலிருந்து பால் பெலியோ. வயது 29. சீனம் தண்ணீர்பட்ட பாடு. மூன்று வாரம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து, நல்லதாகப் பொறுக்கி எடுத்தார். பிறகுதான் சீன அரசு விழித்துக்கொண்டது. மிச்சத்தை 1910-ல் பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனார்கள். வழியிலேயே பல சுருள்கள் காணாமல் போயின! அப்புறம் ஜப்பான்காரர்கள், ரஷ்யர்கள்...

ஆகவே, எதைப் பற்றி எழுதியிருக்கிறது என்று தேடுவதற்கு முன்னால், யார் தூக்கிப் போனார் என்று தேடுங்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் 'எஸ்' என்று ஆரம்பிக்கும் எண் ஸ்டைனுடையது: பிரிட்டிஷ் நூலகம். 'பி' என்றால் பெலியோ: பாரிஸ் தேசிய நூலகம். அந்தக் குடிகாரர் கடிதம் எஸ் 2200. லண்டன்! 1994-ல் துவங்கிய சர்வதேச துன்ஹுவாங் திட்டம், சிதறிய சுருள்களைப் படமெடுத்து இணையத்தில் ஒன்றுசேர்க்க ஆரம்பித்தது. கிழிந்த பாதிகள் அங்கேதான் மறுபடி சந்திக்கின்றன.

ஆளைப் பிடித்தாயிற்றா? அடுத்து, அவருக்குப் பணம் கொடுத்தது யார் என்றும் பாருங்கள். ஸ்டைன் பயணத்தின் செலவில் ஐந்தில் மூன்று பங்கு பிரிட்டிஷ் இந்திய அரசுடையது. அதாவது, நம் தாத்தாக்கள் கட்டிய வரி! பாகம் பிரித்தபோது துன்ஹுவாங் ஓவியங்களில் ஒரு பெரும் பங்கு இந்தியாவுக்கு வந்தது. அது, டெல்லி தேசிய அருங்காட்சியகத்தின் சொத்து.