முயலின் வலிப்பும் குழந்தையின் மூளையும்

1922 ஜனவரி 11 அன்று, கனடாவின் டொரண்டோ பொது மருத்துவமனையில் லியோனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்டது. பெரிய பயன் இல்லை. ஜேம்ஸ் காலிப் தூய்மைப்படுத்திய மருந்தை 23ஆம் தேதி செலுத்தியபோது சர்க்கரை இறங்கியது; பட்டினிச் சிகிச்சையில் எலும்பும் தோலுமாகியிருந்த சிறுவன் பிழைத்தான். இது பலரும் அறிந்த கதை. இதன் மறுபக்கம் முயல் கூண்டுகளில் இருக்கிறது.

மருந்தின் வலிமையைக் காலிப் முயல்களில் சோதித்தார். அளவு மிகுந்தபோது அவை வலிப்பில் துடித்து மயங்கின. குளுக்கோஸ் செலுத்தியதும் எழுந்துவிட்டன. பட்டினி கிடந்த 2 கிலோ முயலின் சர்க்கரையை வலிப்பு வரும் எல்லைக்கு இறக்கும் அளவே இன்சுலினின் முதல் 'அலகு' ஆயிற்று. உயிர்காக்கும் மருந்தை, மூளை தவிக்கத் தொடங்கும் புள்ளியைக் கொண்டே அளந்தார்கள்.

தசை கொழுப்பை எரித்தும் இயங்கும். மூளையோ பெரும்பாலும் குளுக்கோஸையே நம்பியிருக்கிறது. அதனிடம் சேமிப்பும் சொற்பம். வளரும் மூளைக்குத் தேவை இன்னும் அதிகம். 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் எச்சரிக்கை. 54க்குக் கீழே அபாயம். வியர்வை, நடுக்கம், குழறல், பிறகு வலிப்பு. இரண்டு வயதுக் குழந்தைக்கு இதைச் சொல்லத் தெரியாது. அதன் தவிப்பு நமக்கு அடமாகத் தோன்றும். உறக்கத்தில் அந்த அடையாளமும் இராது.

இந்த அச்சத்தால் குழந்தைகளின் சர்க்கரையைச் சற்று உயரவே வைத்திருந்தவர்கள் பலர். வட அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 1993இல் வந்தது. இறுக்கமான கட்டுப்பாடு கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் காத்தது. கடும் தாழ்சர்க்கரை ஏறக்குறைய மூன்று மடங்காயிற்று. 2007இல் வெளியான தொடராய்வு, 18 ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்களது அறிவாற்றலில் பெரிய சரிவைக் காணவில்லை. ஆனால் அதில் 13 வயதுக்குக் குறைந்தோர் இல்லை. சிறு குழந்தைகளின் மூளையைப் படமெடுத்த பிந்தைய ஆய்வுகளோ, நீடித்த உயர்சர்க்கரையும் மூளை வளர்ச்சியின் வேகக் குறைவோடு தொடர்புடையது என்று காட்டின. உயரத்தில் வைத்திருப்பது பாதுகாப்பு என்ற நம்பிக்கை அத்துடன் ஆட்டம் கண்டது.

இன்று தோலில் ஒட்டும் உணரி, சர்க்கரை இறங்கும்போது நள்ளிரவிலும் பெற்றோரை எழுப்புகிறது. அது எட்டாத வீடுகளில் விரல்நுனி ரத்தப் பரிசோதனையும் விழிப்புமே துணை. விழுங்கக்கூடிய குழந்தைக்கு உடனே இனிப்பு தரவேண்டும். மயங்கிய குழந்தையின் வாயில் எதையும் ஊற்றலாகாது. குளுக்ககான் ஊசியும் மருத்துவமனையுமே வழி. உரிய நேரத்தில் குளுக்கோஸ் கிடைத்தால் மூளை மீளும் என்பதை அந்த முயல்கள் அன்றே காட்டிவிட்டன.