'ஹேபியஸ் கார்ப்பஸ்' என்னும் இரு சொற்கள்

மாணவர்களே! சட்ட நூல்களில் பயிலும் இலத்தீன் தொடர்களைக் கண்டு நீங்கள் மலைக்க வேண்டா. அவற்றுள் தலையாயதாக நான் கருதுவது 'ஹேபியஸ் கார்ப்பஸ்' என்பது. 'உடலை நீ கொண்டிருப்பாயாக' என்பது அதன் நேர்ப்பொருள். உடல் என்பது ஈண்டு உயிருள்ள ஆளையே குறிக்கும். ஒருவரை அடைத்து வைத்தவரை நோக்கி, 'அவரை எம்முன் நிறுத்துக. அடைத்த காரணத்தைக் கூறுக' என்று நீதிமன்றம் இடும் கட்டளை அது. தமிழில் அதனை ஆட்கொணர்வு ஆணை என்கிறோம்.

இங்கிலாந்தின் நீதிமன்ற ஏடுகள் 1733 முதல் ஆங்கிலத்துக்கு மாறின. ஆயினும் இப்பெயர் நிலைத்தது. 1771ஆம் ஆண்டின் இறுதியில், ஜேம்ஸ் சாமர்செட் என்னும் அடிமை, ஜமெய்க்காவில் விற்கப்படுவதற்காக லண்டனில் ஒரு கப்பலில் விலங்கிடப்பட்டுக் கிடந்தார். அவர் பொருட்டுச் சிலர் முறையிட, தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு இவ்வாணையைப் பிறப்பித்தார். 1772 ஜூனில் சாமர்செட் விடுதலை பெற்றார்.

ஆங்கிலேயர் ஆட்சி வழியே நம் நாட்டுக்கு வந்த இவ்வாணை, நம் அரசியலமைப்பின் 32, 226ஆம் உறுப்புகளில் இடம்பெற்றது. எனினும், நெருக்கடி நிலை நிலவிய 1976இல், காவலில் வைக்கப்பட்டோர் இதனை வேண்ட இயலாது என உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஐவருள் நால்வர் தீர்ப்பளித்தனர். எச். ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். 2017இல் உச்ச நீதிமன்றமே அத்தீர்ப்பைத் தவறென்று தள்ளியது.

பொருள் அறியாத உரிமையை எவரும் கேட்டுப் பெறுவதில்லை. ஆதலின் இவ்விரு சொற்களையும் பொருளோடு நினைவிற் கொள்ளுங்கள்.