மீச்சிறு பொது மடங்கு

கொடுக்கப்பட்ட எண்கள் ஒவ்வொன்றாலும் மீதியின்றி வகுபடும் மிகச்சிறிய நேர் முழு எண், அவற்றின் மீச்சிறு பொது மடங்கு (மீ.பொ.ம) எனப்படும். பகாக் காரணிகள் ஒவ்வொன்றின் உயர்ந்த அடுக்கையும் பெருக்கி இது பெறப்படுகிறது.

எடுத்துக்காட்டு

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கி.மீ. நீளமுடையது. ஓரிடத்திலிருந்து ஒன்றாகப் புறப்படும் இருவர், மணிக்கு 5 கி.மீ., 3 கி.மீ. வேகத்தில் ஒரே திசையில் இடைவிடாது நடந்தால், ஒரு சுற்றுக்கு முறையே 168, 280 நிமிடங்கள் ஆகும்.

168 = 2³ × 3 × 7
280 = 2³ × 5 × 7
மீ.பொ.ம = 2³ × 3 × 5 × 7 = 840

எனவே 840 நிமிடங்களில், அதாவது 14 மணி நேரத்தில், இருவரும் புறப்பட்ட இடத்தில் மீண்டும் சேர்வர்.

முதற் சந்திப்பு

விரைந்து நடப்பவர் மற்றவரை முதன்முறை எட்டும் நேரம் இதுவன்று. அந்நேரம் 'ந' மணி எனில், 5ந − 3ந = 14 என்னும் நேரியல் சமன்பாட்டின்படி ந = 7. அப்போது அவர்கள் முறையே 2½, 1½ சுற்றுகள் முடித்து, பாதையின் நடுப்புள்ளியில் இருப்பர். வினா எச்சந்திப்பைக் கேட்கிறது என்பதைப் பொறுத்தே தீர்க்கும் முறை அமையும்.