தாய்லாந்தின் அரசவைப் பிராமணர்

பாங்காக் அரண்மனைச் சடங்குகளை நடத்தும் குருமார். முன்னோர் இராமேசுவரத்திலிருந்து கடல் கடந்து நக்கோன் சி தம்மராட் வந்தவர்கள் என்பது இவர்களின் மரபுக்கதை. கதை எப்படியாயினும், தமிழர் தென் தாய்லாந்துக்குச் சென்றது உறுதி: அங்குள்ள தக்குவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவையும் அவனிநாரணம் என்ற குளத்தையும் குறிக்கிறது.

பௌத்தரான தாய் மன்னர்கள் முடிசூட்டு போன்ற அரசச் சடங்குகளுக்கு இவர்களையே நாடினர். 1351இல் தோன்றிய தாய் அரசான அயுத்தயா 1767இல் பர்மியரிடம் வீழ்ந்தது. 1782இல் பாங்காக்கைத் தலைநகராக்கிய முதலாம் ராமா, இவர்களுக்காக 1784இல் தேவஸ்தானம் கோயிலை எழுப்பினார். அங்கு நடக்கும் திரியம்பவாய் விழாவில் மாணிக்கவாசகரின் திருவெம்பாவை ஓதப்படுகிறது. உச்சரிப்பு உருமாறிப்போனதால் தமிழர் காதுக்கு எளிதில் பிடிபடாது. விழாவின் பேரூஞ்சல் ஆட்டம் 1935இல் நிறுத்தப்பட்டது. 2019இல் மன்னர் வஜிரலோங்கோனின் முடிசூட்டிலும் இவர்கள் பங்கேற்றனர்.